கம்ப்யூட்டருக்குள் பிரையன் மே டோன்

குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே ஒலியைக் கம்ப்யூட்டரில் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியையே தப்பாக வைக்கிறார்கள். நீளமாக நின்று பாடுகிற அந்த ஸோலோவைக் கேட்டதும் ஒரு ஹை-கெய்ன் ஆம்ப் மாடலை (அதிகக் கரகரப்புள்ள ஆம்ப்ளிஃபையரைப் போலச் செய்யும் மென்பொருளை) திறந்து, கெய்ன் குமிழை ஏற்றி, முன்னால் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். வருவது ஹெவி மெட்டல் இரைச்சல்தான். அவர் ஒலியின் அடிப்படையில் டிஸ்டார்ஷன் பெடலே இல்லை. கையால் செய்த ஒரு கிட்டார், உயர் அதிர்வெண்களை ஏற்றும் ஒரு ட்ரெபிள் பூஸ்டர், வால்யூமை முழுக்கத் திறந்துவிட்ட வாக்ஸ் ஏசி30 ஆம்ப், இவ்வளவுதான். மெல்லிய ஒலி வேண்டுமென்றால் அவர் கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைக்கிறார், ஆம்ப்பைத் தொடுவதில்லை.

அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சோதனையைச் செய்துகொண்டே வாருங்கள். கிட்டார் வால்யூம் 10-இல் ஒற்றைச் சுரம் பாட வேண்டும். 6 அல்லது 7-இல் கார்டு கரகரப்போடு, ஆனால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கேட்கும்படி வர வேண்டும். 3-இல் கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும். 3-இலும் கரகரத்தால் எங்கோ அளவு கூடிவிட்டது என்று பொருள்.

கிட்டாரில் தொடங்குவோம்

1963-இல் மே தன் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து செய்யத் தொடங்கியது ரெட் ஸ்பெஷல். அதில், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் சிங்கிள் காயில் பிக்கப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச், சிக்னலைத் தலைகீழாக்கும் ஒரு ஃபேஸ் ஸ்விட்ச், ஆக மொத்தம் ஆறு. பிக்கப்புகள் சீரியஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கப்பட்டவை. எல்லாம் அடங்கியிருப்பது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

சாதாரண ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டாரில்) பிரிட்ஜ், மிடில் பிக்கப் இரண்டையும் சேர்த்தால் அவை பாரலலாக, பக்கம் பக்கமாக, இணைகின்றன. ஒலி மெலிந்து, 'க்வாக்' என்ற கொக்கரிப்பு வருகிறது. சீரியஸில் இரண்டின் வோல்ட்டேஜும் கூடுகிறது, இண்டக்டன்ஸும் கூடுகிறது. வெளியீடு பெருத்து, உச்சக் கூர்மை கீழே இறங்கி மிட் பகுதியில் உட்கார்ந்துகொள்கிறது. மே அதிகம் பயன்படுத்துவது இந்த பிரிட்ஜ்-மிடில் சேர்க்கையைத்தான். 'பொஹீமியன் ராப்சடி' ஸோலோவில் கேட்கும் மூக்கடைத்த, பாடகர் போன்ற குரல், நெக்கும் மிடிலும் எதிர் ஃபேஸில் சேர்ந்தபோது பிறப்பது.

உங்களிடம் ஸ்ட்ராட்தான் இருக்கிறதா? சாலிடரிங் தெரிந்தவரிடம் கொடுத்து பிரிட்ஜ்-மிடிலுக்கு ஒரு சீரியஸ் ஸ்விட்ச் வைத்துக்கொள்வது நல்லது. இழுத்தால் ஸ்விட்சாகும் புஷ்-புல் குமிழ் ஒன்று போதும். அதுவரை, பூஸ்டருக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) போட்டு 700 ஹெர்ட்ஸ் சுற்றி அகலமாக 4 முதல் 6 டெசிபல் ஏற்றி, மொத்த அளவையும் 4 டெசிபல் உயர்த்துங்கள். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) கிட்டார் என்றால் காயில்கள் ஏற்கெனவே சீரியஸில்தான் இருக்கும். பிரிட்ஜ் பிக்கப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, கிட்டார் வால்யூமை 8-இல் வைத்துத் தொடங்குங்கள். எதிர் ஃபேஸ் குரலை ஈக்யூவால் ஓரளவுக்குத்தான் நெருங்க முடியும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 1.5 கிலோஹெர்ட்ஸ் அருகே 5 டெசிபல் மேடு வைத்தால் பின்னணி அடுக்குகளுக்கு அது போதும். தனியாக நிற்கும் ஸோலோவுக்குப் போதாது.

கம்பி 9 கேஜ் செட். கனமான கம்பி போட்டால் அந்த நளினமான வைப்ரேட்டோ விரலுக்கு வராது.

பிக்குக்குப் பதிலாக மே பயன்படுத்துவது பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி நாணயம். ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் அகலம், ஓரமெல்லாம் வரிவரியான பற்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். தட்டையாகப் பிடித்துக் கம்பியைத் தொட்டால் சுரம் உருண்டையாக வரும். நாணயத்தைச் சற்றே சாய்த்தால் பற்கள் கம்பி மேல் உரசி, சுரம் பிறக்கும் கணத்தில் 'க்ர்' என்று ஒரு சிறு முணுமுணுப்பு எழும். ட்ரெபிள் பூஸ்டர் அந்த முணுமுணுப்பைப் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டும். பிளாஸ்டிக் பிக்கில் இது வராது, எந்த மாடலும் இதைச் சேர்த்துத் தராது. வீட்டில் கிடக்கும் பழைய சில்லறையைத் தேடிப் பாருங்கள். ஓரம் வரிவரியாக உள்ள 25 பைசா கிடைத்தால் அதுவும் ஆகும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். நாணயம் வளையாது என்பதால் விரல்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

உள்ளே போகும் அளவு

கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். கெய்னை முழுக்கக் குறைத்துத் தொடங்கி, இருப்பதிலேயே ஓங்கி அடிக்கும் கார்டுக்கு மீட்டர் -10 டெசிபலைத் தாண்டாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். இங்கே தாராளம் காட்டினால் பூஸ்டர் மாடல் எப்போதும் அளவுக்கு மீறிய சிக்னலையே பார்க்கும். கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் ஒலி தெளியாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒலித் தாமதத்தைத் தீர்மானிக்கும் பஃபரை 48 கிலோஹெர்ட்ஸில் 64 அல்லது 128 சாம்பிளில் வையுங்கள். 128 சாம்பிள் என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடி, போக, வர, கன்வர்ட்டர் எல்லாம் சேர்த்தாலும் விரலுக்கு உறுத்தாது. விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவரை நிறுவாமல் தொடங்காதீர்கள்.

ட்ரெபிள் பூஸ்டர்

மூலம் 1960-களின் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர். ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ஒரு குமிழ். ஏசி30-உடன் இதைச் சேர்க்கும் வித்தையை மே பெற்றது ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரிடமிருந்து. பெயரைப் பார்த்துவிட்டு, இது ஒலியைக் கீச்சென்று ஆக்கும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பூஸ்டரை மட்டும் தனியாகக் கேட்டால் கீச்சென்றுதான் இருக்கும். ஆனால் நிறைந்து வழியும் ஆம்ப்புக்குள் அது போகும்போது நடப்பது வேறு. கீழ்ச் சுரங்களின் பாஸ் உள்ளே போகாததால் ஆம்ப் சேறாகக் குழம்புவதில்லை. மிட்டும் ட்ரெபிளும் நசுங்கி, வட்டமாகி, மனிதக் குரல் போல் வெளியே வருகின்றன.

ஆம்ப், பெடல்களைப் போலச் செய்யும் லைன் 6 ஹீலிக்ஸில் இதன் மாடலுக்கு 'டிரேஞ்ச்டு மாஸ்டர்' என்று பெயர். மற்ற மென்பொருள்களில் 'ரேஞ்ச்மாஸ்டர்', 'ட்ரெபிள் பூஸ்ட்' என்று தேடுங்கள். குமிழை 6-இல் வைத்துத் தொடங்கலாம். மேலே சொன்ன ஈக்யூவைத் தவிர, சங்கிலியில் இதற்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டும் கூடாது. கேட் வேண்டுமென்றால் மிகத் தாழ்ந்த அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் சுரத்தின் வாலை அது வெட்டிவிடும். சிங்கிள் காயில் ஹம்முக்கு நல்ல மருந்து, மானிட்டருக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் திரும்பி உட்காருவது.

ஒரு முக்கியமான இடைவெளியை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். உண்மையான ரேஞ்ச்மாஸ்டரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின் எதிர்ப்பு) மிகக் குறைவு. அது பிக்கப்பை அழுத்திப் பிடித்து, அதன் உச்சியைத் தணிக்கிறது. கிட்டார் வால்யூமுக்கு நுட்பமாகப் பதில் சொல்வதும் அதனால்தான். இன்டர்ஃபேஸின் உள்ளீடோ ஏறக்குறைய 1 மெகா ஓம். மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிக்கப்புக்கும் பூஸ்டருக்கும் நடுவே நடக்கும் இந்த இழுபறி அதற்குள் நடப்பதில்லை. ஹீலிக்ஸ் வைத்திருப்பவர்கள் உள்ளீட்டு இம்பீடன்ஸை 'ஆட்டோ'வில் விடலாம், அல்லது 22 கிலோ ஓமுக்கு இறக்கிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வழியாக வாசிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: ஒரு நிஜ ட்ரெபிள் பூஸ்டர் பெடலை வாங்கி இன்டர்ஃபேஸுக்கு முன்னால் போடுங்கள். முழுச் சங்கிலியிலும் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான். பெடலின் வெளியீடு பலமாக இருக்கும் என்பதால் இன்டர்ஃபேஸ் கெய்னைப் பூஜ்ஜியத்தில் வைத்து, தேவைப்பட்டால் பெடலையும் குறைத்து, குறைந்த அளவைப் ப்ளக்-இன்னின் உள்ளீட்டுக் குமிழில் ஈடுகட்டுங்கள்.

ஏசி30

நான்கு ஈஎல்84 பவர் வால்வுகள், நெகட்டிவ் ஃபீட்பேக் இல்லாத பவர் பகுதி, இரண்டு 12 அங்குல செலஸ்டியன் ப்ளூ ஸ்பீக்கர்கள். மே வாசிப்பது நார்மல் சேனலில், வால்யூம் முழுதாக. இதில் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் கிடையாது. பல மென்பொருள்களில் கிடைப்பதோ ட்ரெபிளைக் கூட்டும் டாப் பூஸ்ட் சேனல். ஹீலிக்ஸின் 'எசெக்ஸ் ஏ30'-உம் அந்த வகைதான். ட்ரெபிள் பூஸ்டரை அதற்குள் விட்டால் காது கிழியும்.

நார்மல் சேனல் வேண்டுமானால் இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரை நிறுவி, அதற்காகப் பலர் பகிர்ந்துள்ள கேப்சர்களில் (நிஜ ஆம்ப்பின் ஒலியைப் பிடித்த கோப்புகளில்) 'ஏசி30 நார்மல்' என்று உள்ளதைத் தேடுங்கள். ஆம்ப் மட்டும் பிடித்த கேப்சரா, கேபினட்டும் மைக்கும் சேர்ந்ததா என்று விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கேபினட் சேர்ந்த கேப்சருக்குப் பின்னால் இன்னொரு கேபினட்டைப் போட்டால் ஒலி போர்வைக்குள் போய்விடும்.

டாப் பூஸ்ட் மட்டுமே இருந்தால்: வால்யூம் 8, ட்ரெபிள் 2, பாஸ் 3. இந்தச் சுற்றில் இரண்டு குமிழ்களையும் ஏற்றினால் மிட் குழிந்துபோகும், இரண்டையும் இறக்கினால் மிட் எழும். நமக்கு வேண்டியது எழுந்த மிட். மாடலில் மாஸ்டர் வால்யூம் இருந்தால் முழுக்கத் திறங்கள். உண்மையான பழைய ஏசி30-இல் அது இல்லை, பவர் வால்வுகள் நசுங்குவதே இந்த ஒலியின் பாதி. 'கட்' என்ற குமிழ் பலரை ஏமாற்றும். அதை ஏற்றினால் ட்ரெபிள் குறையும். 5-இல் தொடங்கி, மெல்லிய கடைசிக் கம்பியின் 12-ஆம் ஃப்ரெட் சுரம் ஊசியாகக் குத்துவது நிற்கும் வரை ஏற்றுங்கள்.

ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிடும்) வசதி இருந்தால் 4 மடங்கில் வையுங்கள். அது ஏன் வேண்டும் என்பதை நீங்களே கேட்கலாம். மேல் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை மெதுவாக மேல்நோக்கி வளையுங்கள். சுரம் ஏறும்போது, பின்னால் மெல்லிய விசில் ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் அது அலியாசிங், டிஜிட்டல் கணக்கில் பிறக்கும் பொய்ச் சுரம். பூஸ்டர் உயர் ஹார்மானிக்குகளை அள்ளிக் கொட்டுவதால் இந்தச் சங்கிலியில் அது சீக்கிரம் காதில் படும்.

கேபினட்டுக்குச் செலஸ்டியன் ப்ளூ 2x12 ஐ.ஆர். (ஸ்பீக்கர், மைக்கின் ஒலிக் குணத்தைப் பிடித்த கோப்பு) ஒன்று போதும். எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் கோனின் நடுவிலிருந்து தள்ளி வைத்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். கொசு ரீங்காரம் போன்ற சலசலப்பு வந்தால் ஆம்ப்பைக் குறை சொல்லும் முன் இந்த மேல் வெட்டை 6-க்கு இறக்கிப் பாருங்கள்.

ஹெட்ஃபோனில் ஒன்று மட்டும் கிடைக்காது: ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து சுரத்தைத் தாங்கிப் பிடிப்பது. ஸோலோவைப் பதிவு செய்யும்போது மானிட்டரைச் சற்று உரக்க வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று வாசியுங்கள். எந்தச் சுரத்துக்கு எந்தத் திசையில் திரும்பினால் அது நிற்கிறது என்று சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும்.

மூன்று ஆம்ப், இரண்டு எதிரொலி

குவீனின் 'ப்ரைட்டன் ராக்' ஸோலோவில் மே தன்னோடு தானே கேனன் (ஒரே மெட்டு சற்றுத் தள்ளிப் பின்தொடர்வது) வாசிப்பது இந்த அமைப்பில்தான். பூஸ்டருக்குப் பிறகு சிக்னலை மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் நேரடி ஒலி. இடது பக்கம் 800 மில்லிவினாடி டிலே. வலது பக்கம் 1600. இரண்டு டிலேக்கும் ஃபீட்பேக் 0, மிக்ஸ் 100 சதவீதம். மெட்ரோனோமை 75-இல் வைத்தால் ஒரு தட்டு சரியாக 800 மில்லிவினாடி. ஒரு சுரத்தை வாசித்து, அடுத்த தட்டில் அதற்கு மூன்றாவது சுரத்தை வாசித்தால் ஹார்மனி தானாக அமையும்.

மூன்று பாதைக்கும் தனித்தனி ஏசி30 வேண்டும். சிக்கனம் பார்த்து மூன்றையும் ஒரே ஆம்ப் மாடலுக்குள் விடக் கூடாது. இரண்டு சுரங்கள் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறந்து ஹார்மனி கலங்கிவிடும். ஒவ்வொரு சுரமும் தனி ஆம்ப்பில் நசுங்கி, காற்றில் மட்டுமே சந்திக்கும்போதுதான் அந்தப் பளிங்குத் தெளிவு வருகிறது. டிலே, ஆம்ப்புக்கு முன்னால் நிற்கட்டும். சுத்தமான டிஜிட்டல் டிலேயைப் பயன்படுத்துங்கள். டேப் மாடல்கள் பூஸ்டரின் பலத்தில் தாமே கரகரக்கத் தொடங்கிவிடும்.

ஸ்டுடியோவில் அவர் அடுக்கும் கிட்டார் இசைக்குழுக்களுக்கும் இதே விதிதான். ஹார்மனைசர் வேண்டாம், ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்யுங்கள். 'குட் கம்பெனி'யில் ஜாஸ் குழு போல ஒலிப்பவற்றுக்கு அவர் பயன்படுத்தியது டீக்கி ஆம்ப். பேஸ் வாசித்த ஜான் டீக்கன், குப்பையில் கண்டெடுத்த சர்க்யூட் போர்டைக் கொண்டு செய்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பெட்டி அது, பேட்டரியில் ஓடும். அதன் கேப்சர் கிடைக்காவிட்டால் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் மாடல் ஒன்றை முழு வால்யூமில் வைத்து, பூஸ்டரை முன்னால் விட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் பிக்கப் சேர்க்கையை மாற்றுங்கள்: கிளாரினெட் போன்ற குரலுக்கு நெக், டிரம்பெட்டுக்கு பிரிட்ஜ், நடுக் குரல்களுக்கு எதிர் ஃபேஸ். சுருதியை ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சரிபாருங்கள். ஆறு அடுக்கு சேரும்போது ஒரு கம்பி 5 சென்ட் (அரைச் சுரத்தின் இருபதில் ஒரு பங்கு) விலகியிருந்தாலும் முழுக் குழுவும் கலங்கிக் கேட்கும்.