பொருளியல் முதல் பாடம்: தண்ணீரை வைத்துப் படிப்பது எப்படி?

பிளஸ் ஒன் பொருளியலில் முதல் பாடத்திலேயே பல பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள். பொருளியல் என்றால் என்ன என்று நான்கு இலக்கணங்கள் (வரையறைகள்), அவற்றைச் சொன்ன நான்கு பொருளியல் அறிஞர்களின் பெயர்கள், நான்கு ஆண்டுகள். சென்னை வில்லிவாக்கத்தில் என்னிடம் டியூஷனுக்கு வருபவர்களும் அதைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, 2019 கோடையைப் பற்றிக் கேட்பேன்.

அந்த வருஷம் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளான பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாமே வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியது எங்கள் வில்லிவாக்கத்தில்தான்.

சரி, வீட்டில் நான்கு குடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், குளிக்க வேண்டும். துவைத்தால் குளியல் போச்சு. அந்தப் போன குளியல்தான் துவைத்ததன் வாய்ப்புச் செலவு. 1932-இல் லயனல் ராபின்ஸ் சொன்னது இதைத்தான்: விருப்பங்கள் பல, சாதனங்கள் குறைவு, அந்தச் சாதனங்களுக்கு மாற்றுப் பயன்களும் உண்டு. கடைசித் துண்டைத்தான் பிள்ளைகள் எழுத மறப்பார்கள். குடத்துத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் ஆகும் என்றால், அதை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியே எழாதே!

இனி பின்னால் போங்கள். 1776-இல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி எழுதிய ஆடம் ஸ்மித்தே ஒரு புதிரையும் போட்டார்: இவ்வளவு பயனுள்ள தண்ணீருக்கு விலை இல்லை, பெரிதாகப் பயனில்லாத வைரத்துக்கு அத்தனை விலை, ஏன்? லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு விடை தெரியும். கைவசம் இருப்பது குறையக் குறைய, அடுத்த குடத்தின் மதிப்பு ஏறும். மார்ஷல் (1890) செல்வத்தோடு நிற்காமல் மனித நலனையும் பார்த்தார்: கிடைத்த தண்ணீர் குடும்பத்துக்கு என்ன நன்மை செய்தது? சாமுவேல்சன் இந்தக் கணக்கில் காலம் என்பதையும் சேர்த்தார். இன்றைக்கு லாரிக்குச் செலவழிப்பதா, நாளைக்காக நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டுவதா என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

பொருளியலின் எல்லை எதுவரை என்று சொல்லும் பகுதி சுலபம். லாரித் தண்ணீர் விலை ஏன் ஏறியது என்றால் நுண்பொருளியல். நாட்டின் விலைவாசி ஏன் ஏறுகிறது என்றால் பேரியல் பொருளியல். இயல்புரை (இருப்பதைச் சொல்வது), நெறியுரை (இருக்க வேண்டியதைச் சொல்வது) இரண்டில்தான் குழப்பம் வரும். விலை ஏறினால் வீடுகள் வாங்குவதைக் குறைக்குமா என்பதைக் கணக்கெடுத்துச் சொல்லிவிடலாம், அது இயல்புரை. ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டுமா என்பது நெறியுரை; புள்ளிவிவரம் உதவும், ஆனால் முடிவு சொல்லாது. அரசியல் மேடைகளில் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள், அது வேறு கதை.

அப்புறம் இதையே மகளிர் கட்டணமில்லாப் பேருந்தை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள். பரீட்சையில் மட்டும் ஸ்மித்திலிருந்து ஆண்டு வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்குக் கீழேயும், முந்தையவர் விட்டது என்ன என்று ஒரு வரி போதும்.