குறையுள்ள நாயகி: அனிமேஷன் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயகிக்கு ஒரு குறை வேண்டும் என்றதும் பலர் முதலில் எழுதுவது, அவள் அடிக்கடி தடுக்கி விழுவாள், கையில் எடுத்ததைக் கீழே போடுவாள் என்பதைத்தான். இதைக் குறையாகக் கணக்கில் கொள்ளவே முடியாது. இதனால் யார் மனமும் நோவதில்லை, கதையும் நகர்வதில்லை. முன்கோபம், பொறாமை, பிடிவாதம், பிறர் பேச்சைக் காதில் வாங்காத அவசரம் ஆகியவைதான் குழந்தைகள் தங்களிடமே பார்த்துப் பயப்படும் குறைகள். தம்பியை அடித்துவிட்டு மூலையில் ஒடுங்கியிருக்கும் பிள்ளைக்கு ஒரே கேள்விதான் ஓடும்: இனி என்னை யாருக்காவது பிடிக்குமா? அதே தப்பைச் செய்த ஒருத்தி திரையில் எழுந்து நிற்பதைத்தான் அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. திரைக்கதையிலிருந்து அந்தக் குறையை எடுத்துவிட்டுப் படியுங்கள். கதை அப்படியே ஓடினால், அது மேலே ஒட்டிவைத்த குறை.

இதைவிடப் பெரிய தவறு, நாயகி செய்ததற்கான பழியை வில்லன் தலையில் கட்டுவது. அவள் மேல் யாருக்கும் கோபம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் இப்படிச் செய்கிறார்கள். அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் ‘பிரேவ்’ (2012) படம் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மாயக் கேக்கைச் செய்து தருவது சூனியக்காரி. ஆனால் மந்திரத்தைக் கேட்டு வாங்குவதும் அம்மாவுக்குத் தின்னக் கொடுப்பதும் நாயகி மெரிடாதான். அம்மா கரடியான பிறகும் தன் தப்பில்லை என்றே சாதிக்கிறாள். பின்னர், கோபத்தில் தானே கிழித்த, குடும்பத்தின் உருவங்கள் கொண்ட திரைச்சீலையைக் குதிரை மேல் போகும்போதே ஊசிநூலால் தைக்கிறாள். தைத்ததை அம்மா மேல் போர்த்தியும் உடனே எதுவும் மாறவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அழுது ஒப்புக்கொண்ட பிறகே அம்மா திரும்பி வருகிறாள். கை வேலையும் வேண்டும், வாய் விட்டுச் சொல்வதும் வேண்டும். ஒற்றை வரி மன்னிப்போடு காட்சியை முடித்துவிட்டால் குழந்தைக்கு அது போதாது. கிழிந்தது தைக்கப்படுவதை அது கண்ணால் பார்க்க வேண்டும்.

வலிமை என்றாலே வாள், அம்பு, சண்டை என்று நினைப்பதும் தவறுதான். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தின் நாயகி சிஹிரோவுக்குப் பத்து வயது. காரின் பின்சீட்டில் சிணுங்கியபடி வருகிறாள், சுரங்க வழியில் அம்மாவின் கையை விடுவதில்லை. பிறகு செங்குத்தான மரப்படிகளில் நடுங்கி நடுங்கி உட்கார்ந்தே இறங்கத் தொடங்குகிறாள். வேலை கொடுங்கள் என்று விடாமல் கேட்கிறாள். அவளுடைய வீரம் இவ்வளவுதான், படத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எழுதினால், தப்பும் அதன் விளைவும் அடுத்தடுத்த காட்சிகளில் வரட்டும். இருபது நிமிடம் இடைவெளி விட்டால் இரண்டையும் முடிச்சுப்போடுவது அவர்களுக்குக் கடினம். காயப்பட்டவரின் முகத்தை இரண்டு மூன்று விநாடி அசையாமல் காட்டுங்கள். அந்த நேரத்தில் துணைப் பாத்திரத்தை நகைச்சுவை பேச விடாதீர்கள். பாட்டி வந்து நீதி சொல்லும் வசனத்தை முழுதாக வெட்டிவிடுங்கள்.

முடிவில் குறையை அடியோடு துடைத்துவிடவும் வேண்டாம். கடைசிக் காட்சியில் அதே கோபம் மறுபடி வரட்டும், இந்த முறை அவள் பாதியில் நிறுத்தட்டும்.

காட்சிகளை வரிசையாக வரைந்த படத் தொகுப்பு (ஸ்டோரிபோர்டு) தயாரானதும் நான்கைந்து குழந்தைகளுக்குக் கதையைச் சொல்லி, தப்பு நடந்த இடத்தில் நிறுத்தி, “இப்போ அவ என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். அவள் செய்ய வேண்டியதைச் சொன்னால் கதை சரியாகப் போகிறது. “அந்தக் கெட்டவனை அடிக்கணும்” என்றே எல்லோரும் சொன்னால், பழி இன்னும் வில்லனிடம்தான் இருக்கிறது. அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.