எக்ஸ்சேஞ்சில் விளையாட்டு அறிவியல்: திரும்பி வந்ததும் அரியர் வைக்கும் தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்திலிருந்து கோவைக்கு வந்து உடற்கல்வியும் விளையாட்டு அறிவியலும் படிக்கிற பிள்ளைகளில் சிலர் எக்ஸ்சேஞ்சில் (கல்லூரிகளுக்கிடையிலான மாணவர் பரிமாற்றத்தில்) ஒரு செமஸ்டர் ஐரோப்பா போய் வருகிறார்கள். பறளி, முண்டூர் பள்ளி மைதானங்களில் ஓடி வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள ஆய்வகம் பெரிய வாய்ப்பு. ஆனால் ஒவ்வொரு பேட்சும் முந்தைய பேட்ச் விழுந்த குழியிலேயே விழுகிறது. கம்பளி எடுத்துக்கொள், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே மற்றவை.

கிரெடிட்டை எழுத்தில் வாங்காமல் கிளம்புவது

அங்கே படிக்கும் பேப்பரின் கிரெடிட்டை இங்கே ஏற்றுக்கொள்வோம் என்று கல்லூரியிடம் எழுதி வாங்கவேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் அதைச் செய்யாமல் போகிறார்கள். "போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்று எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சொல்வார். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் திரும்பி வரும்போது அவர் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார். இருந்தாலும் தேர்வுகளைக் கவனிக்கும் கண்ட்ரோலர் ஆபீஸ் கேட்பது காகிதத்தை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பொதுக் கிரெடிட் முறை) கிரெடிட், ஆண்டுக்கு 60. ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், சொந்தப் படிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஆண்டுக்கு 40 கிரெடிட், 1200 மணி. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் அங்கே ஒன்றரை, இங்கே ஒன்று. 6 கிரெடிட் பயோமெக்கானிக்ஸ் (உடலசைவு இயக்கவியல்) பேப்பர் இங்கே 4 ஆக வேண்டும்.

ஆனால் கல்லூரிக் குழு பெரும்பாலும் வகுப்பு மணியைத்தான் எண்ணும்: தியரி 15 மணிக்கு ஒரு கிரெடிட், பிராக்டிகல் 30 மணிக்கு ஒன்று. அங்கிருந்து வரும் பாட விவரத் தாளில் "மொத்தம் 180 மணி, வகுப்பு 45, சொந்தப் படிப்பு 135" என்று இருக்கும். குழு 45-ஐப் பார்த்து 3 கிரெடிட் என்று முடிவு கட்டும். நம் பேப்பரோ தியரி 3, பிராக்டிகல் 1. ஒரு கிரெடிட் குறைந்ததால் முழுப் பேப்பரும் போச்சு. ஃபோர்ஸ் பிளேட்டில் குதித்துத் தரை எதிர்விசையை அளந்ததும், காதுமடலில் குத்திய ஒரு துளி ரத்தத்தில் லாக்டேட் பார்த்ததும் அந்த 45 மணிக்குள் கரைந்துபோய், எந்தத் தாளிலும் தனியாகத் தெரியாது.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய செமஸ்டர் தொடங்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) நினைத்த நாளிலெல்லாம் கூட்டம் போடாது. இடது பக்கம் நம் பேப்பரின் கோடும் கிரெடிட்டும், வலது பக்கம் அங்குள்ள பேப்பர் என்று அட்டவணை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாட விவரத் தாள் இணையுங்கள். ஆய்வக மணி தனியாக இல்லையென்றால், அந்தப் பேப்பர் எடுக்கும் ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, துறைக் கடிதமாக வாங்குங்கள். மாற்றம் மொத்த உழைப்பு மணிப்படியா, வகுப்பு மணிப்படியா என்பது போர்டின் முடிவில் ஒரு வரியாக இருக்கவேண்டும். எண், தேதி, முத்திரையோடு அதன் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு அங்கே போய்க் கெடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால்தான் வயிறு எரிகிறது. ஸ்ட்ரெங்த் டிரெயினிங் பேப்பரில் இடமில்லை என்றதும் ஒரு மாணவி ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிக்கு மாறினாள். நல்ல தரம்தான் எடுத்தாள். ஆனால் அதே பேப்பரை இங்கே மூன்றாம் செமஸ்டரிலேயே முடித்திருந்தாள். இரண்டு முறை எண்ண முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸின் லேர்னிங் அக்ரிமென்டில் (படிப்பு ஒப்பந்தத்தில்) மாற்றத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. மாணவர், இரு கல்வி நிறுவனங்கள் என மூன்று கையெழுத்து வேண்டும். செமஸ்டர் தொடங்கி 5 வாரத்துக்குள் கேட்பதுதான் வழக்கம். முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

தர எண்ணை விளக்கமில்லாமல் ஒப்படைப்பது

ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பின்லாந்தில் தலைகீழ்: 5 உச்சம், 1 பாஸ். பத்துக்குப் போடும் நம் ஊர்ப் பட்டியலில் ஜெர்மன் 1.3 ஏறினால் முதல் வரிசை மாணவர் ஃபெயிலாகத் தெரிவார். தர விளக்கப் பக்கத்தை டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பட்டியலோடு) சேர்த்துத் தைத்தே கொடுங்கள்.

காலண்டரைப் பார்க்காமல் இடம் பிடிப்பது

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. பிப்ரவரியில் அங்கே தேர்வு நடக்கும்போது இங்கே அடுத்த செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். பின்லாந்தின் இலையுதிர்ப் பருவம் டிசம்பரில் முடிவதால் நம் ஒற்றைப்படை செமஸ்டரோடு ஓரளவு ஒத்துப்போகும்.

எல்லைக்காரர்கள் கவனத்துக்கு

வீடு கேரளத்தில், கல்லூரி தமிழ்நாட்டில். ஜெர்மன் விசாவுக்குக் கேரளக்காரர்கள் பெங்களூரு துணைத் தூதரக எல்லையில் வருவார்கள், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை. கூடப் படிப்பவர் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் போட்டார் என்று நீங்களும் போடாதீர்கள். குடியிருப்புச் சான்று எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அபோஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் முத்திரை) கேட்டால், சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அந்த மாநிலச் சான்றொப்பம் முதலில். எஸ்.எஸ்.எல்.சி. கேரளம், டிகிரி தமிழ்நாடு என்றால் இரண்டு வழி, இரண்டு மடங்கு நாள். இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால் இருக்கும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

பணம்

ட்யூஷன் ஃபீஸ் மட்டும்தான் தள்ளுபடி. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ கணக்கில் காட்டவேண்டும்.

பி.பி.எட். (உடற்கல்வி இளங்கலை) மாணவர்கள்

பள்ளிக் கற்பித்தல் பயிற்சி வரும் செமஸ்டரில் போகாதீர்கள்.

நீச்சல்

அங்கே செயல்முறை வகுப்பில் நீச்சல் இருந்தால் திணறவேண்டாம், கற்றுக்கொண்டு போங்கள்.

வெறுங்கையோடு ஊர் திரும்புவது

டிரான்ஸ்கிரிப்ட் ரிசல்ட் வந்தபிறகுதான் வரும். அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை இங்கே காட்ட, வருகை தந்து தேர்வெழுதியதற்கான கடிதத்தைச் சர்வதேச அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வகப் பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்தையும் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள் என்பதால், அதிலுள்ள கடிதங்கள் அனைத்தையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.