ஒரு புத்தகம், மூன்று கடை

அப்பா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்த நாட்களில்தான் அவர் விட்டுப்போன நான்கு அலமாரிகளையும் திறந்தேன். கரையான் தின்றது போக முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் தேறின. டியூஷனும் நின்றுபோயிருந்தது. சரி, இணையத்தில் விற்றுப் பார்ப்போம் என்று தொடங்கினேன். இப்போது விற்பதைவிட வாங்குவதுதான் அதிகம் என்பது வீட்டுக்காரரின் புகார்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். ஆறாம் ஆண்டுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் படிவம் மூன்றுக்கான பிடி3 தேர்வு 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. அந்தப் பயிற்சி நூல்கள் மடிப்புக் கலையாமல் இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குத்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கான இலக்கிய நூல்கள் போகும். ஆனால் பாடத்துக்கு வைத்த நூல் மாறிவிட்டதா என்று ஓர் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எறிந்துவிடக் கூடாதவை வேறு: எழுத்தாளரே சொந்தக் காசில் அச்சடித்து, நூல் வெளியீட்டில் மாலை மரியாதையோடு கொடுத்த உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்புகள். பார்க்க ஒல்லியாக, அட்டை மங்கி, எட்டணா பெறாதது போல இருக்கும். பெரும்பாலும் மறுபதிப்பே வந்திருக்காது. என்னிடமிருந்த அப்படி ஒன்றை 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) போட்டேன். பத்து நிமிடத்தில் போய்விட்டது. பத்து நிமிடத்தில் போனால் விலை தப்பு என்று அர்த்தம்.

அப்போ சரியான விலை எது? அடுத்தவர் எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்து அதையே போடுவதுதான் எல்லோரும் செய்வது. 2011 ஏப்ரலில் அமேசானில் ஈக்களைப் பற்றிய ஓர் அறிவியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. கவனித்து எழுதியவர் மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர். இரண்டு விற்பனையாளர்கள், இருவருக்கும் விலை போடுவது கணினி நிரல். ஒருவருடையது மற்றவர் விலையைவிடத் துளி குறைத்துப் போடும். மற்றவருடையது இவர் விலையைப்போல 1.27 மடங்கு ஏற்றிப் போடும். ஏற்றியவர் கையில் புத்தகமே இருந்திருக்காது, ஆர்டர் வந்தால் இன்னொருவரிடம் வாங்கி அனுப்பலாம் என்று நினைத்திருப்பார் என்பது ஐசனின் ஊகம். இந்த வித்தை நம் பக்கமும் உண்டு. ஆகவே கேட்ட விலையை விடுங்கள், விற்ற விலையைத் தேடுங்கள். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஆங்கில நூல்களுக்கு அது போதும். தமிழ் நூலுக்கு அப்படி எதுவும் கைகொடுக்காது. நான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 2 வெள்ளி குறைக்கிறேன்.

எங்கே போடுவது? ஷோப்பியில் கமிஷன் பிடிப்பார்கள்; ஆனால் வாங்கியவர் பொருள் கிடைத்தது என்று சொல்லும்வரை பணம் அவர்களிடமே இருப்பதால் முகம் தெரியாதவரும் தைரியமாக வாங்குவார். கேரோசெல் பேரம் பேசும் இடம். "அக்கா, கொஞ்சம் குறைங்க லா" என்று ஆரம்பித்து 8 வெள்ளிப் புத்தகத்துக்கு இருபது செய்தி வரும். மூன்றாவது முகநூல். தமிழ் வாசகர்கள் அதிகம் கண்ணில் படுவது அங்கேதான், மோசடிக்காரர்களும்தான்.

மூன்றிலும் போடலாம். நானும் போடுகிறேன். ஆனால் புத்தகம் ஒன்றுதான் என்பது அந்தத் தளங்களுக்குத் தெரியாது. ஒரு தீபாவளி வாரத்தில் ஒரே அகராதியை இரண்டு தளத்தில் இரண்டு பேருக்கு விற்றேன். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு ரத்துசெய்ததற்கு அந்தத் தளம் என் கடைக்குத் தண்டனைப் புள்ளி போட்டது. அன்றிலிருந்து கணக்கு எழுதும் பள்ளி நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். நூல் பெயர், எந்த அலமாரி, எங்கெங்கே போட்டது, மூன்று கட்டம். விற்றதும் முதல் வேலை மற்ற இரண்டிலும் நீக்குவது. பொட்டலம் கட்டுவதெல்லாம் அப்புறம்.

தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். 'கதை' என்று தேடுகிறவர் 'த'வுக்கு டி-எச் (th) போடுவார். நூலகப் பழக்கம் உள்ளவர் வெறும் டி (t) போடுவார். இரண்டையும் எழுதிவிடுங்கள். ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் இருந்தால் அதையும். 2007க்கு முன் வந்தவற்றில் 10 இலக்கம், பிறகு 13. பழையதன் முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசி இலக்கமும் மாறும். 978க்கு அடுத்து 967 அல்லது 983 இருந்தால் மலேசியப் பதிப்பு, 81 அல்லது 93 இருந்தால் இந்தியப் பதிப்பு. அப்பா காலத்துத் தமிழ் நூல்களில் பலவற்றில் எண்ணே கிடையாது. பதிப்பு விவரப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதுதான் வழி.

குறையையும் படம் எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இராமபாணப் பூச்சி அரிக்காத புத்தகம் அபூர்வம். ஓட்டை, பூசணம், பென்சில் கோடு எல்லாம் வெளிச்சத்தில் தெரியட்டும். மறைத்து அனுப்பினால் திரும்பி வரும், கூரியர் செலவு உங்கள் தலையில்.

பொட்டலத்துக்கு முதலில் பிளாஸ்டிக் உறை. தபால்காரர் மோட்டாரில் மழையில்தான் வருவார். மேலே மைலோ பெட்டி அட்டையை வெட்டி இரு பக்கமும் வையுங்கள், மூலை மடங்காது. அட்டையோடு சேர்த்து எடை போட்ட பிறகே அஞ்சல் செலவைச் சொல்லுங்கள். கடல் தாண்டிப் போகும் சபா, சரவாக்குக்குத் தனிக் கணக்கு.

வாங்கும்போது இதையே திருப்பிப் போடுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; கையில் புத்தகம் இல்லாதவர் அங்கேயே நழுவிவிடுவார். அஞ்சல் செலவையும் சேர்த்து மற்ற தளத்தோடு ஒப்பிடுங்கள். தளத்துக்கு வெளியே நேராக வங்கியில் போடச் சொன்னால், அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அதில் பெயர் இல்லாததால் மட்டும் நல்லவர் ஆகிவிட மாட்டார். நீங்கள் விற்பவர் என்றால், பணம் போட்ட ரசீது என்று ஒரு படம் வரும். அதை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997ஐ அழையுங்கள், அப்புறம் வங்கியை.