வீட்டு அறையில் பதிந்த பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு அறையிலேயே பாடிப் பதிந்து சவுண்ட்கிளவுடிலோ யூடியூபிலோ ஏற்றிய பாட்டு. நூறு பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கீழே 'செம ப்ரோ', 'வேற லெவல்' என்று நண்பர்கள் எழுதியிருப்பார்கள். படிக்க இதமாக இருக்கும், அடுத்த பாட்டை நன்றாகச் செய்ய உதவாது. உதவும்படி கேட்க நீங்கள் இசை படித்திருக்க வேண்டியதில்லை. பாட்டின் குறை எது, பதிவின் குறை எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அறை எதிரொலிக்கிறது என்று நல்ல மெட்டைத் தள்ளிவிடுவார்கள். குரலுக்குச் செயற்கையாக எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பின் பளபளப்பில் மயங்கி மெட்டே இல்லாததைப் பாராட்டுவார்கள்.

1. முதலில் உங்கள் பக்கம்

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, அடியொலி கேட்கவில்லை என்பதற்காக 'பேஸ் இல்லை' என்று எழுதாதீர்கள். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. விலை குறைந்த வயர் இயர்போனே இதற்கு எவ்வளவோ மேல். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் என்று போனில் எது ஓடினாலும் அணைத்துவிடுங்கள்.

ஒலியை மிகவும் குறைத்து வைத்தால் காது கீழ்ச்சுரங்களைத்தான் முதலில் இழக்கும். பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் பேசும் அளவுக்கு வையுங்கள், முடியும்வரை மாற்றாதீர்கள்.

நீங்கள் கேட்பது அவர் செய்த கோப்பை அப்படியே அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். தளங்கள் அதைச் சுருக்கித்தான் ஓட்டுகின்றன. சிம்பல் ஓசை சலசலவென்று கலங்கினால் பழி அவர்மேல் இல்லாமல் இருக்கலாம். பாட்டுகளை இறக்கிக்கொள்ளவும் வழி தரும் பேண்ட்கேம்ப் தளத்தில் அதே பாட்டு இருந்து, தரவிறக்கமும் திறந்திருந்தால், தரம் குறையாத ஃபிளாக் வடிவில் இறக்கிக் கேட்டுப் பாருங்கள்.

2. முதல் முறை சும்மா கேளுங்கள்

குறிப்பு எழுத வேண்டாம். கமென்ட், எண்ணிக்கை எதையும் பார்க்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் எழுந்து போய் வேறு வேலை பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து வாயில் ஏதாவது ஒரு வரி முணுமுணுக்கிறதா? எந்த வரி? அதை மட்டும் எழுதி வையுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றாலும் அதுவும் ஒரு குறிப்புதான்.

3. இரண்டாம் முறை பதிவை மட்டும்

மெட்டை மறந்துவிட்டு ஒலியை மட்டும் கவனியுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அரை நொடியில் மின்விசிறி இரைகிறதா? இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஒயரிங் சரியில்லாவிட்டால் அந்த அதிர்வு 'உம்ம்ம்' என்று பதிவின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். 'ப' வரும் இடங்களில் மைக்கில் காற்று மோதி 'டப்' என்கிறதா? 'ஸ', 'ச' காதைக் கீறுகிறதா? உரக்கப் பாடும் இடத்தில் குரல் கரகரவென்று உடைகிறதா? அப்படியானால் மைக்கின் கெயின், அதாவது பதியும்போது ஒலியை ஏற்றும் அளவு, கூடிவிட்டது. சொல்லின் கடைசி எழுத்து சட்டென்று விழுங்கப்பட்டால், இரைச்சலை நீக்கும் வசதி குரலையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கேளுங்கள். அகலமாக ஒலித்த சின்தசைசரோ கோரஸோ திடீரென்று மெலிந்தால், இடது வலது ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று பொருள். குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸ் வேலையை இயர்போனிலேயே செய்யும் பலருக்கு இது தெரியவே தெரியாது. நீங்கள் சொன்னால் உண்மையிலேயே நன்றி சொல்வார்.

இந்தக் குறிப்புகளைத் தனித்தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். கெயினைக் குறைத்தும், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டும், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றும் இவற்றில் பாதியைத் தீர்த்துவிடலாம். பாட்டின் தகுதியைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை.

4. குரல்

பாட்டு வந்து இளைப்பாறும் சுரத்தை முனகிப் பிடியுங்கள். தம்பூரா செயலியில் அந்தச் சுருதியை வைத்துக்கொண்டு, சரணத்தின் உச்சியில் குரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழகாத குரல்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒரு மயிரிழை இறங்கும்.

இறங்காமல் கச்சிதமாக நின்றால் உடனே பாராட்டிவிட வேண்டாம். சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997இல் வந்தது. இன்று அந்த வகைக் கருவிகள் வீட்டுக் கணினியிலும் உண்டு. அவை குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். வேகமாக இழுக்கும்படி வைத்தால் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் நெளிவு, செத்துவிடும். காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டிய குரல் படிக்கட்டில் இறங்குவதுபோல வெட்டி வெட்டி நகரும். நீட்டிப் பாடும் இடங்களில் இது பளிச்சென்று கேட்கும். ராப்பில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், அது வேறு கணக்கு. மெலடியில் வந்தால், திருத்தும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சுருதி பிசகிய கமகத்தை நான் ஏற்றுக்கொள்வேன், செத்த கமகத்தை அல்ல.

5. வார்த்தை

விளக்கப் பெட்டியில் வரிகள் இருந்தால் முதலில் படிக்காதீர்கள். காதில் விழுவதை அப்படியே எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். தவறாக எழுதிய இடங்கள்தான் உங்கள் புதையல். வாத்தியம் குறைவாக இருக்கும் இடத்திலும் சொல் விளங்கவில்லையா? உச்சரிப்பில் கோளாறு. வாத்தியங்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் மட்டும் விளங்கவில்லையா? மிக்ஸில் கோளாறு, கிட்டாரோ கீபோர்டோ குரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது வகை பாட்டு எழுதும்போதே வருவது. மெட்டு நீளும் இடத்தில் குறில் விழுந்தால் 'மனம்' என்பது 'மானம்' ஆகிவிடும், 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். எந்தக் கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது, வரியைத்தான் மாற்ற வேண்டும். தானே எழுதித் தானே பாடுகிறவருக்கு அர்த்தம் முன்பே தெரியும் என்பதால் இது காதில் படாது. வெளியாள் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

6. தாளமும் அமைப்பும்

தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கை தானாகத் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சரணத்தில் புதிதாக ஏதாவது சேர்ந்ததா, இல்லை திரும்பத் திரும்ப வரும் ஒரே துண்டு, அதாவது ஒரே லூப், கடைசிவரை ஓடியதா? லூப்பை நம்பிச் செய்யும் பாட்டுகள் பெரும்பாலும் நடுவில்தான் சோர்ந்துபோகும்.

7. எழுதுவது

அவர் கருத்துக் கேட்டிருந்தால் பொதுவில் எழுதலாம். கேட்காவிட்டால், சொல்லலாமா என்று தனிச்செய்தியில் கேட்டுவிட்டு எழுதுங்கள். சவுண்ட்கிளவுடில் அலைவடிவத்தில் அந்த நொடியிலேயே கமென்ட்டைப் பதிக்கலாம். யூடியூபில் 1:12 என்று எழுதினாலே அது இணைப்பாகிவிடும். 'மிக்சிங் சரியில்லை' என்பதை வைத்து அவர் எதையும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"பல்லவியின் இரண்டாம் வரி கேட்ட பிறகும் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. 1:12இல் கிட்டார் ஏறியதும் உங்கள் வார்த்தை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சரணத்தில் மட்டும் கிட்டாரை இரண்டு டெசிபல் இறக்கிப் பார்க்கிறீர்களா?"

சினிமாப் பாட்டோடு ஒப்பிடாதீர்கள். அங்கே இசையமைப்பாளருக்குப் பின்னால் புரோகிராமர், வாத்தியக்காரர்கள், மிக்ஸ் பொறியாளர், மாஸ்டரிங் பொறியாளர் என்று ஒரு படையே இருக்கிறது. இங்கே எல்லாம் ஒரே ஆள்.

அவர் திருத்தி மறுபடி ஏற்றினால் ஒரு எச்சரிக்கை. புதிய பதிவு பெரும்பாலும் பழையதைவிடச் சத்தமாக இருக்கும், சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, புதியதன் ஒலியைப் பழையதன் அளவுக்கு இறக்கிவிட்டு, 1:12இல் அந்த வார்த்தை இப்போது விளங்குகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.