ஸ்பீடோமீட்டரை சரி பண்றேன்னு கெடுத்துக்காதீங்க

சென்னை ஓஎம்ஆர் ரோடுல போறப்போ மீட்டர்ல 80 காட்டுது, போன்ல கூகுள் மேப் 75தான்னு சொல்லுது, உடனே மீட்டர் போச்சுன்னு நேரா மெக்கானிக் கிட்ட போய் நிக்கிறாங்க நிறைய பேரு. அது கோளாறே இல்லங்க. கார் கம்பெனிங்களே மீட்டர் கொஞ்சம் கூட காட்டுற மாதிரிதான் செட் பண்ணி அனுப்புறாங்க. ஐ.நா. விதி எண் 39 படி மீட்டர் நிஜ வேகத்தை விட கம்மியா காட்டவே கூடாது, கூட காட்டலாம், அதுக்கும் ஒரு எல்லை இருக்கு, காருக்கு நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதோட 4 கிலோமீட்டர். அதாவது நிஜமா 80ல போனா மீட்டர் 92 வரைக்கும் காட்டலாம்.

போன வச்சு செக் பண்றதுலயும் தப்பு பண்றோம். மெட்ரோ தூணுக்கு அடியிலயும் பாலத்துக்கு கீழயும் ஜிபிஎஸ் தடுமாறும், பிரேக் போட்டு போட்டு போனா போன் கொஞ்சம் பின்னாடியேதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை விடிகாலைல வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி நேரான ரோட்டுல போய் 40, 60, 80னு ஒவ்வொரு வேகத்துலயும் அரை நிமிஷம் அப்படியே பிடிங்க, போனை பக்கத்துல இருக்கறவர் பாக்கட்டும், ஓட்டுறவர் பாக்கவே வேணாம். ஒரே ஒரு வேகத்துல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறுச்சுன்னா டயர் பக்கம் பாக்கணும், எல்லா வேகத்துலயும் ஒரே அளவு வித்தியாசம்னா முள்ளு இடம் மாறியிருக்கலாம்.

டயர்லதான் நம்ம ஆளுங்க நிறைய ஏமாறுறாங்க. ரிம் பெருசு போட்டா மீட்டர் மாறிடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, மொத்த விட்டம்தான் கணக்கு. 165/80 ஆர்14 (அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், டயரோட பக்கச் சுவர் உயரம் அதுல 80 சதவீதம், ரிம் 14 இஞ்ச்) டயரோட விட்டம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர், 185/65 ஆர்15 போட்டா 621.5, மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா அதே 15 இஞ்ச் ரிம்ல 185/65 கழட்டிட்டு 195/65 போட்டீங்கன்னா 634.5 ஆயிடும், 2 சதவீதம் பெருசு, இப்ப அதே வேகத்துக்கு மீட்டர் முன்ன விட கம்மியா காட்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல டயர் வாங்க நிக்கிறப்பவே இந்தக் கணக்க போனுல போட்டு பாத்துடுங்க. பைக்ல மீட்டர் முன் சக்கரத்துல இருந்து வேகத்த எடுத்தா ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) மாத்துறதால ஒண்ணும் ஆகாது, கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் இருந்தா முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு கூட்டினாலே மீட்டர் கம்மியா காட்ட ஆரம்பிச்சிடும்.

இன்னொரு பெரிய தப்பு, முள்ளு கூட காட்டுதுன்னு வண்டியோட கம்ப்யூட்டர்ல டயர் அளவையே கம்மி பண்ணி வைக்கிறது. நிறைய வண்டில கிலோமீட்டர் கணக்கு சரியாத்தான் ஓடும், முள்ளுக்கு மட்டும்தான் கூடுதல் சேர்த்திருப்பாங்க. டயர் அளவ மாத்தினா முள்ளு சரியாகும், ஓடின தூரம் கம்மியா பதிவாகும், மைலேஜ் கணக்கும் தப்பும், ஆயில் மாத்தறதும் தள்ளிப்போகும். அதனால முதல்ல ரோட்டோர கிலோமீட்டர் கல்ல வச்சு ஒரு பத்து கிலோமீட்டர் தூரத்த சரி பாருங்க.

என் ஸ்கூட்டர்ல மீட்டர் கண்ணாடி மாத்தக் குடுத்தப்போ கடைல முள்ள கழட்டிட்டு திரும்ப கண் மதிப்புலயே அழுத்திட்டாங்க. நிறுத்தி வச்சா முள்ளு பூஜ்யத்துக்கு கீழ இருக்கற சின்ன பின்னுல ஒட்டிக்கிட்டு நிக்கும், பாக்க சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு போன வச்சு பாத்தா மீட்டர்ல 45, நிஜத்துல 53. சென்னைல 2023 நவம்பர்ல இருந்து டூ வீலருக்கு 50தான் லிமிட், நான் தினமும் அத தாண்டிட்டு ஒழுங்கா போறேன்னு நம்பிட்டிருந்திருக்கேன், பின்னாடி பொண்ணு வேற உக்காந்திருப்பா. இப்ப மீட்டர பிரிக்க குடுக்கறதுக்கு முன்னாடி 40ல போறப்போ முள்ளும் போனும் என்ன காட்டுதுன்னு எழுதி வச்சுக்கறேன், வண்டிய கடைல இருந்து திரும்ப வாங்கினதும் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அதே ரோட்டுல ஒரு ரவுண்டு போய் பாத்துடுறேன்.