சுகரும் ஈறும்: பலர் செய்கிற தவறுகள்

சுகர் ஏறிவிட்டது என்றால் முதலில் சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறோம், அப்புறம் மாத்திரையை. ஈறு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஈறில் நாள்பட்ட வீக்கம் இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை ஈறை இன்னும் கெடுக்கும். ஈறு நோய்க்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சும்மா விடுகிற அளவில்லை அது.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது ஒரு இடத்தில்தான். பல் ஆடுகிறது, கடிக்க முடியவில்லை என்று சுண்டல், வெள்ளரிக்காய், கொய்யா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு குழைந்த சாதம், ரவைக் கஞ்சி, டீயில் நனைத்த ரஸ்க் என்று இறங்கிவிடுகிறார்கள், சுகர் ஏன் குறையவில்லை என்று டாக்டரையும் கேட்கிறார்கள். கேழ்வரகுக் கூழ் நல்லதுதானே என்பார்கள். மாவாக அரைத்துக் காய்ச்சிவிட்டால் அதுவும் வேகமாகத்தான் ஏற்றும். பல்லைச் சரிசெய்யும் வரை முட்டை, தயிர், மீன், குழைய வெந்த பாசிப்பயறு, மசித்த கீரை என்று மாறுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எதுவும் விதிவிலக்கில்லை. ரத்தத்திலும் ஏறும், பல்லையும் சொத்தையாக்கும். வாய் உலர்கிறது என்று மிட்டாய் சப்புவதும் அப்படித்தான்; தண்ணீரோ சர்க்கரையில்லாத சூயிங் கம்மோ போதும்.

ஈறில் ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படாமல் தேய்ப்பது தப்பு, அழுக்கு அங்கேயே சேர்ந்து ரத்தம் கூடும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை தேய்க்கவும். ஸ்கேலிங் செய்தால், அதாவது பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தால், பல் ஆடிவிடும் என்கிற பயமும் வேண்டாம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்துவைத்திருக்கும், அதை எடுத்ததும் தெரிகிறது, அவ்வளவுதான்.

பல் பிடுங்க வெறும் வயிற்றில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்குவதற்குப் பட்டினி தேவையில்லை. மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போனால் நாற்காலியிலேயே சுகர் இறங்கிவிடலாம். பல் டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, வழக்கம்போலச் சாப்பிட்டு மருந்தும் எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் போங்கள், சுகர் இருப்பதையும் என்னென்ன மாத்திரை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் தலைகீழ். வியர்த்து, கை நடுங்கி லோ சுகர் வரும்போது பல்லை நினைத்துத் தயங்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், சரியான பிறகு வாயைக் கொப்பளித்துக்கொள்ளலாம்.